மாதாவின் கன்னத்துக் கறுப்பு

காலையில் கதவைத் திறந்ததும் என் கணவர் யோசப்பின் அக்கா முதலில் செய்வது, முற்றத்து மாதா சிலையின் முகத்தைச் சேலைத் தலைப்பால் துடைப்பதுதான். கண்டிக்குப் பக்கத்துக் கெலிஓயாவில் எங்கள் ஜன்னலுக்கு நேரே அவர் வீடு. நான் அதிகம் பேசமாட்டேன், பார்த்துக்கொண்டிருப்பேன். கல்யாணமாகி இங்கே வந்த நாளிலிருந்து பார்க்கிறேன். மழை என்றாலும் அவர் தவறியதில்லை.

சமையல் கேஸ் சிலிண்டருக்கு ஊரே வரிசையில் நின்ற வருடம், ஒரு லொறிக்காரர் எங்கள் சந்தில் நிலக்கரி மூட்டைகளை இறக்கினார். ஈர விறகைவிட அது நன்றாக எரிந்தது. அக்கா கடைகளுக்கு இடியப்பம் அவித்துக் கொடுப்பவர். விடியுமுன்பே அவர் அடுப்பு பற்றிவிடும். தீக்குச்சி உரசியதும் வருமே, அந்த நெடி சந்து முழுக்க நிற்கும். சுற்றிலும் மலை. மூடுபனி கலையும்வரை புகைக்குப் போக இடமில்லை. பனி பிள்ளைக்கு ஆகாதென்று அக்கா ஜன்னல்களையும் அடைத்துவிடுவார். உள்ளே அவர் மகள் ஷாமலா, நான்கு வயதுக்காரி, இருமிக்கொண்டிருப்பாள்.

கேஸ் திரும்ப வந்தது. கரி மலிவு என்று அக்கா அதை விடவில்லை. அடுத்த மழைக்காலத்தில் மாதாவின் கண்களுக்குக் கீழே கறுப்புக் கோடுகள் இறங்கின. துடைத்தால் மறுநாள் மறுபடியும் இருந்தன.

"அக்கா, மாதா அழுறாங்க!" என்று பக்கத்து வீட்டுச் சந்திரிகா கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"கேஸ் லைன்ல நின்ன கால்வலியா இருக்கும்," என்று சிரித்தார் அக்காவின் கணவர் ரொனி.

"வாய மூடுங்க நீங்க. எம்புள்ளைக்காகத்தான் அழுறாங்க."

அன்றிலிருந்து சந்தே மெழுகுதிரியோடு வந்தது. ஷாமலாவுக்கு இருமல் இழுப்பாக மாறியது. வீட்டில் என்ன எரிக்கிறீர்கள் என்று டொக்டர் கேட்டாராம். "வெறகுன்னு சொல்லிட்டேன். கரின்னா ஏசுவாங்கல்ல?" என்று அக்கா சந்திரிகாவிடம் சொன்னது எனக்குக் கேட்டது.

ஒரு மழைக் காலையில் பிள்ளைக்கு மூச்சு விசில் போல வந்தது. ரொனி த்ரீவீலர் பிடிக்க ஓடினார். அக்கா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு சிலைக்கு முன்னால் மண்டியிட்டார். நான் குடையோடு போய் அவர்கள் பின்னால் நின்றேன். ஷாமலா கையை நீட்டிச் சிலையின் முகத்தைத் தொட்டாள்.

"அம்மா... மாதாவுக்கு மூக்கு இல்ல."

அவள் தொட்டதும் மூக்கு மாவு மாவாக உதிர்ந்திருந்தது. சிலைக்கு மேலே நீண்டிருந்த சமையலறைத் தகரக் கூரை புகைபோக்கியைச் சுற்றித் துருப்பிடித்து ஓட்டையாகியிருந்தது. அதிலிருந்து கறுத்த தண்ணீர் மாதாவின் கண்களுக்கு மேலே சொட்டியது. அக்கா நிமிர்ந்து அதைப் பார்த்தார். கன்னத்துக் கறுப்பை விரலில் எடுத்து முகர்ந்தார். பிறகு பிள்ளையின் தலையை முகர்ந்தார்.

பிள்ளையை என் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினார். குடத்துத் தண்ணீரை அப்படியே அடுப்பில் கொட்டிய சத்தம் கேட்டது. ஜன்னல்கள் ஒவ்வொன்றாகத் திறந்தன. த்ரீவீலர் வந்து நின்றது. பிள்ளையை வாங்கிக்கொண்டு ஏறும்போது, "அழுதது நான் பத்தவச்ச அடுப்புடி," என்றார்.

ஷாமலா பிழைத்தாள். இப்போது பள்ளிக்கூடம் போகிறாள், பையில் மூச்சுக்கு அடிக்கும் பம்ப் இருக்கிறது. புதுச் சிலை தருவதாகப் பாதர் சொன்னதற்கு அக்கா வேண்டாமென்றுவிட்டார். மூக்கில்லாத அந்த முகத்தை இன்றும் துடைக்கிறார். துடைத்த தலைப்பை ஒரு தரம் முகர்ந்து பார்க்கிறார். அவர் வீட்டில் கேஸ் அடுப்புதான். சந்திரிகா வீட்டிலும் இன்னும் இரண்டு வீடுகளிலும் அந்தக் கரிதான் எரிகிறது. பிள்ளையின் இழுப்பு இன்னும் விடவில்லை.