தண்ணீர்க் குழாய் ஜாயிண்ட்

மூன்று வருடங்களுக்கு முன்பு, மகளின் எஸ்.பி.எம்., அதாவது ஐந்தாம் படிவ அரசுத் தேர்வு நேரம். நாங்கள் புலாவ் செபாங்கில் இருக்கிறோம். அவள் தமிழ் இலக்கியமும் எடுத்திருந்தாள். அவள் பள்ளியில் அந்தப் பாடம் இல்லாததால் மலாக்கா டவுனில் வேறொரு பள்ளிக்குப் போய் எழுத வேண்டும். பிற்பகல் இரண்டு மணிக்குப் பரீட்சை. டியூஷன் டீச்சர் வேன் ஏற்பாடு செய்திருந்தார். "நானும் டீச்சர் வேன்லயே போறேன்பா" என்றாள். வீட்டில் கார் இருக்கும்போது வேன் எதற்கு என்று நான்தான் மறுத்தேன்.

அந்தக் காரின் லட்சணத்தையும் சொல்ல வேண்டும். ஜப்பானிலிருந்து வந்த பழைய கார் என்பதால் அதில் ஹீட்டர் உண்டு. இஞ்சினின் சுடுநீர் இரண்டு ஹோஸ் வழியாக டேஷ்போர்டுக்குப் பின்னால் இருக்கும் ஹீட்டர் கோர் என்ற குட்டி ரேடியேட்டருக்குப் போய்த் திரும்பும். அந்தக் கோர் ஓட்டையாகி, முன்சீட்டின் கால்மிதி நனைந்து, கார் முழுக்கக் கூலண்ட்டின் தித்திப்பு வாடை. கோரை மாற்ற டேஷ்போர்டையே கழற்ற வேண்டும் என்றார் மெக்கானிக். வேண்டாமென்றால் கோரை விட்டுவிட்டு இரண்டு ஹோஸையும் ஒன்றோடொன்று இணைத்துவிடலாம், சனிக்கிழமை வாருங்கள் என்றார்.

வேர்த்து வழிகிற ஊரில் ஹீட்டர் யாருக்கு வேண்டும்! பத்து பெரண்டாமில் ஒரு ஃபேக்டரியில் மெஷின் பழுது பார்க்கிறவன் நான். இதற்குப் போய்ச் சனிக்கிழமை வரை காத்திருப்பதா? ஹார்ட்வேர் கடையில் வீட்டுத் தண்ணீர்க் குழாய்க்குப் போடும் பிளாஸ்டிக் ஜாயிண்ட் ஒன்றை வாங்கி, நானே இரண்டு ஹோஸையும் இணைத்தேன். பக்கத்தில் நின்ற மகள், "கொதிக்கிற தண்ணி போற எடம்பா, பிளாஸ்டிக் தாங்குமா?" என்றாள். "நீ போய்ப் படிம்மா" என்று விரட்டினேன்.

இரண்டு நாள் தாங்கியது. மூன்றாம் நாள்தான் பரீட்சை.

மகளை ஏற்றிக்கொண்டு கிளம்பி, வழியில் அலோர் காஜாவைத் தாண்டியதும் டெம்பரேச்சர் முள் ஏறத் தொடங்கியது. ஏர்கோனை அடைத்தேன். மகள் முள்ளையும் கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். 'டப்' என்று ஒரு சத்தம், பானெட்டிலிருந்து குபுகுபுவென்று ஆவி. ஓரமாக நிறுத்தினேன். இரு பக்கமும் செம்பனைத் தோட்டம். மணி ஒன்று பத்து. டீச்சரின் வேன் எப்போதோ போயிருக்கும். கை காட்டியும் நாலைந்து கார்கள் நிற்காமல் போயின.

பலகாரத் தட்டுகள் ஏற்றிய ஒரு சின்ன வேன் நின்றது. ஓட்டியவர் ஒரு மலாய்க்கார அம்மா. முன்னால் ஒரே இடம்தான். மகளின் சீருடையைப் பார்த்ததுமே அவருக்குப் புரிந்துவிட்டது. "செப்பாட், டிக்!" என்று அவளை அவசரப்படுத்தினார். முன்பின் தெரியாதவரோடு பெண்ணை அனுப்புவதா? யோசிக்க ஏது நேரம்! என் நம்பரை அவர் போனில் போட்டுக் கொடுத்தேன். வேன் போய்விட்டது.

அதன் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. மச்சானுக்கு போன் போட்டேன்; வர ஒரு மணி நேரம் ஆகும் என்றார். சும்மா நிற்க முடியாமல் பானெட்டைத் திறந்தேன். ஜாயிண்ட் நெளிந்து, ஒரு பிளவிலிருந்து சுடுநீர் சீறிக்கொண்டிருந்தது. தண்ணீர் ஊற்றி ஓட்டிப் பார்ப்போம், பின்னாலேயே போய்விடலாம் என்று ஒரு வெறி. பழைய துணியை மடித்து ரேடியேட்டர் மூடியில் கை வைத்தேன். சூட்டோடு திறக்கக்கூடாது என்று தெரியாதவனா நான்? படபடப்பில் புத்தி வேலை செய்யவில்லை.

போன் அடித்தது. பதறிப்போய், கையை எடுத்துக்கொண்டு ரோட்டோரம் வந்தேன். அந்த அம்மாதான். தான் சொன்னால் அப்பா கேட்கமாட்டார் என்று மகள் அவரையே சொல்லச் சொன்னாளாம்: அப்பா ரேடியேட்டர் மூடியைத் திறக்கக்கூடாது, கார் பக்கத்திலேயே நிற்கக்கூடாது. அவர் பேசி முடிப்பதற்குள் ஜாயிண்ட் முழுதாகப் பிய்ந்தது. நான் குனிந்து நின்ற இடத்தில் கொதிநீர் பீறிட்டது.

இரண்டு மணிக்குச் சில நிமிடங்கள் இருக்கும்போது மறுபடி அவரே அழைத்து, "சுடா மாசுக்" என்றார். உள்ளே போய்விட்டாள். கேட்டதும் ரோட்டோரத்திலேயே உட்கார்ந்து அழுதேன்.

சாயங்காலம் மச்சான் காரில் பள்ளிக்குப் போனேன். பரீட்சை எப்படி என்று நான் கேட்பதற்கு முன்பே, "கையக் காட்டுங்கப்பா" என்றாள். இரண்டு கையையும் திருப்பித் திருப்பிப் பார்த்த பிறகுதான் சிரித்தாள்.

அந்த அம்மாவின் வீட்டுக்குத் தீபாவளிதோறும் எங்கள் முறுக்கு போகிறது. மகள் இரண்டு முறை சொல்லியும் கேட்காத நான், மூன்றாவது முறை இன்னொருவர் வாயால் கேட்டதால்தான் இன்று முழு முகத்தோடு இருக்கிறேன் என்பதால், இப்போதெல்லாம் அவள் "அப்பா" என்று தொடங்கும்போதே நான் வாயை மூடிக்கொள்கிறேன்.