சாமி அலமாரியைச் சாத்திய புதன்கிழமை

என் வீட்டுக்காரர் குடியை விட்டு எட்டு மாசம் ஆகியிருந்தது. திருவாதவூர்ப் பக்கம் ஒரு கருப்பசாமி கோயிலில், இனித் தொடமாட்டேன் என்று சொல்லிக் கையில் கயிறு கட்டிக்கொண்டார். ஒரு வருசக் கெடு. இழுத்துக்கொண்டு போனவள் நான். பக்கத்தில் நின்று, யாரும் கேட்காமலே, "எங்க வீட்டுக்குள்ள இனி அந்த வாடையே வராது சாமி" என்று சொன்னவளும் நான்தான்.

பெங்களூரில் வேலை பார்க்கும் மகள் லீவுக்கு வந்தபோது ஒரு பாட்டில் ஒயின் கொண்டுவந்தாள். ரெண்டு மூணு வகைத் திராட்சையைக் கலந்த சிவப்பு ஒயினாம், விலையும் கம்மிதானாம். "உனக்குத்தாம்மா. அப்பா கண்ணுல காட்டிராத" என்றாள். அவள் போன பிறகு அது அரிசி டிரம்முக்குப் பின்னால் கிடந்தது. அரிசி அள்ளும்போதெல்லாம் கண்ணில் பட்டது.

ஒரு புதன்கிழமை. செவ்வாய், வெள்ளி இல்லையே என்று எனக்கு நானே சமாதானம். ஆறு மணிக்கு விளக்கேற்றிக் கும்பிட்டேன். அவருக்குக் காளவாசல் டயர் கடையில் வேலை, வர ஒன்பது ஆகும். விளாங்குடியில் எங்கள் தெருவில் ஒரு சத்தம் இல்லை. சாமி அலமாரியின் கதவைச் சாத்திவிட்டு, சில்வர் டம்ளரில் பாதி ஊற்றினேன். பீட்ரூட் தண்ணி மாதிரி இருந்தது. முதல் வாய், நாவல்பழம் தின்றதுபோலத் துவர்த்தது. அப்புறம் நெஞ்சுக்குள் மெதுவாக ஒரு சூடு இறங்கியது. கல்யாணமாகி வந்ததிலிருந்து, யாருக்கும் எதுவும் எடுத்துக் கொடுக்காமல் நான் உட்கார்ந்த சாயங்காலம் அது ஒன்றுதான்.

வாசலில் வண்டிச் சத்தம். டம்ளரையும் பாட்டிலையும் கிரைண்டருக்குப் பின்னால் தள்ளினேன்.

"கடையில கரண்டு இல்ல, அனுப்பிட்டாங்க" என்றபடி வந்தவர் நின்றுவிட்டார். அலமாரியைப் பார்த்தார். சாத்திய கதவின் இடுக்கில் விளக்கு வெளிச்சம்.

குடித்த காலத்தில், பாட்டிலைத் திறக்குமுன் அவர் செய்கிற முதல் காரியம் அந்தக் கதவைச் சாத்துவதுதான். அவரைப் பார்த்துத்தான் அந்தப் பழக்கம் எனக்கும் வந்திருக்கிறது. அப்போதுதான் உறைத்தது.

"எங்க இருக்கு?" என்றார்.

காட்டினால் அந்தக் கயிறு என்னாலேயே அறுந்துபோகும். இல்லை என்றால் பொய், அதுவும் விளக்கு எரியும்போது. வாயைத் திறந்தால் வாடை வரும். கையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றேன்.

அவர் சிரிக்கப் பார்த்தார், முடியவில்லை. "என்னைய எம்புட்டுப் பேச்சுப் பேசியிருப்ப, ஆத்தா!" ஒரு கை, மறு கையிலிருந்த கயிற்றை இறுக்கிப் பிடித்திருந்தது. "நான் வெளிய நிக்கிறேன். குடிப்பியோ கொட்டுவியோ. வாடை போனப்புறம் கூப்பிடு."

வண்டிமேல் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டார்.

பாட்டிலைப் பாத்ரூமில் கவிழ்த்தேன். வாடை இன்னும் கிளம்பியது. மூணு வாளித் தண்ணீர், மேலே பினாயில். டம்ளரைப் புளி போட்டுத் தேய்த்தேன். அலமாரியைத் திறந்து வைத்துவிட்டுக் கூப்பிட்டேன்.

வந்து உட்கார்ந்தார். என்னைப் பார்க்காமல் கேட்டார்: "நல்லா இருந்துச்சா?"

சாமி அலமாரிக் கதவு திறந்திருந்தது.

"நல்லாத்தாங்க இருந்துச்சு."

கொஞ்ச நேரம் கயிற்றைத் திருகிக்கொண்டே இருந்தார்.

"சரி, சோத்தப் போடு" என்றார்.