தாண்டாத கயிறு

அம்மாபேட்டைக்காரி என்றுதான் அவளை மனசுக்குள் சொல்லிக்கொள்வேன். பெயரைச் சொல்ல வாய் வராது. சேலத்தில் நாங்கள் படித்த பெண்கள் பள்ளிக்கூடத்துக்கு அவள் நெசவுக்காரர் வீட்டிலிருந்து தினமும் நடந்து வருவாள். நான் ராசிபுரத்துக்குத் தெற்கே தோட்டம் துரவு உள்ள வீட்டுப் பெண். விடுதியில் தங்கிப் படித்தேன். அவள் ஒல்லி. ஓடினால் கால் தரையில் படுகிறதா என்று குனிந்து பார்க்கத் தோன்றும். நான் ஓடினால் புழுதி கிளம்பும். இப்படி இரண்டு பேரை ஒரே வகுப்பில் உட்காரவைத்தால் ஒருத்திக்கு வயிறு எரியத்தான் செய்யும். எனக்கு எரிந்தது.

எங்கள் டிரில் டீச்சர் மதராஸ்காரர். சீமையில் ஒரே பெண் ஓடி, தாண்டி, எறிந்து, எல்லாவற்றிலும் வாங்கிய புள்ளிகளைக் கூட்டி ஜெயிக்கிறாளாம். இதைப் பத்திரிகையில் படித்துவிட்டு எங்களுக்கும் ஐந்து போட்டி வைத்தார். ஜெயிப்பவளை மதராசுக்குக் கூட்டிப்போய் மாகாணத்துப் பெண்களோடு போட்டியில் இறக்குவதாகச் சொன்னார். ஒரு கண்டிப்பும் இருந்தது. ஏதாவது ஒன்றில் முட்டை வாங்கினால் மொத்தமும் போச்சு.

எனக்கு அந்த மதராஸ் வேண்டும். ரயில் ஏறுவது, கடல் பார்ப்பது எல்லாம் அப்புறம். முதலில் அவள் போகக்கூடாது.

போட்டி நடந்தது லீவு விடுகிற அன்றைக்கு. என்னை ஊருக்குக் கூட்டிப்போக அப்பா வண்டி கட்டிக்கொண்டு வந்திருந்தார். சலவைத் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு முன்வரிசையில் உட்கார்ந்தார். ஓட்டத்திலும் நீளம் தாண்டுவதிலும் அவள் முதலாவது. பந்து எறிவதிலும் குண்டு எறிவதிலும் நான். சோளக்காட்டில் மண்ணாங்கட்டி எறிந்து குருவி விரட்டிய கை சும்மா போகுமா? ஆனால் கைதட்டல் எல்லாம் அவளுக்குத்தான். நான் எறிந்தபோது ஆண்பிள்ளை மாதிரி எறிகிறாள் என்று யாரோ சிரித்தார்கள். சிரிக்கட்டும். தூரத்துக்குத் தக்கபடி புள்ளி என்பதால், நான்கு போட்டி முடிந்தபோது அவள் எட்டமுடியாத அளவுக்கு நான்தான் முன்னால் இருந்தேன். உயரம் தாண்டுவது மட்டும் பாக்கி. முட்டை வாங்காமல் தப்பித்தால் மதராஸ் எனக்கு.

மூங்கில்களுக்கு நடுவே கட்டும்போது பள்ளிக்கூடத்துக் கயிறு இற்றுப்போய் அறுந்தது. யாரிடமாவது கயிறு இருக்கிறதா என்று டீச்சர் கேட்டார். அப்பா துள்ளி எழுந்தார்.

"எங்கிட்ட இருக்குதுங்க டீச்சரம்மா!"

எதற்கு என்று கேட்கவில்லை. புளியமரத்தடிக்குப் போய்க் காளையை அவிழ்த்துவிட்டு அதன் கயிற்றைக் கொண்டுவந்து கொடுத்தார். எனக்கும் பெருமையாகத்தான் இருந்தது.

கயிற்றை முழங்கால் உயரத்தில் கட்டினார்கள். தூங்கிக்கொண்டே தாண்டலாம். பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓட ஆரம்பித்தேன்.

"சாமி! நில்லு! தாண்டிப்போடாத!"

என்னைச் சாமி என்றே கூப்பிடும் அப்பா மைதானத்துக்குள் ஓடிவந்தார். "அது மாட்டுக் கயிறு சாமி. பொட்டப்புள்ள தாண்டுனா மாட்டுக்கு ஆகாது."

"வெறும் கயிறுதானே ஐயா?" என்றார் டீச்சர்.

"இல்லீங்க டீச்சரம்மா. எங்கூட்டுல அந்த வழக்கமில்லீங்க. தாண்டறதுக்குன்னு தெரிஞ்சிருந்தாக் குடுத்திருக்கமாட்டனுங்க."

அவர் சொன்னது பொய்யில்லை. எங்கள் வீட்டில் மாட்டுக் கயிறு தரையில் கிடந்தால் பெண்கள் அதை எடுத்துக் கண்ணில் ஒற்றி ஓரமாக வைத்துவிட்டுத்தான் நடப்போம். வேறு கயிறு தேடவும் பொழுதில்லை. பரிசு கொடுக்க வந்த வெள்ளைக்காரம்மா கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். "ஒரே ஒரு தாண்டு, கண்ணை மூடிக்கிட்டுத் தாண்டு" என்று டீச்சர் என் காதில் கெஞ்சினார். அப்பா கயிற்றுக்குப் பக்கத்திலேயே நின்றார். என் கால் எழும்பவில்லை. முட்டை.

அடுத்து அவள் வந்தாள். எங்கள் காளையின் கயிற்றைச் சிரித்துக்கொண்டே தாண்டினாள். கயிறு ஏற ஏற அவளும் ஏறினாள். இடுப்பு உயரத்தையும் பின்னல் பறக்கத் தாண்டியபோது கூட்டமே எழுந்து நின்றது. முடிந்ததும் நேராக என்னிடம் வந்தாள்.

"எங்க வீதியில தறிக்குப் பாவு நூல் நீட்டியிருந்தா நாங்களும் தாண்டமாட்டோம்டி. குனிஞ்சுதான் போவோம். பாவம், உனக்குக் கயிறு வந்து சேர்ந்துச்சு."

அவள் ஜெயித்ததைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். அந்தப் பாவத்தை எப்படிப் பொறுப்பது? தலைவலி என்று சொல்லிவிட்டு வண்டியில் போய் ஏறிக்கொண்டேன்.

சேலத்து எல்லை தாண்டியதும் அப்பா வண்டியை மெதுவாக விட்டார். என் முகத்தைப் பார்த்துத் தேற்றப்போகிறார் என்று நினைத்தேன். சாட்டையை மடியில் வைத்துக்கொண்டு திரும்பினார்.

"அந்தப் புள்ள தாண்டுனதைப் பாத்தியா சாமி? மானாட்டம்!"

எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது. "அதும் நம்ம மாட்டுக் கயித்தைத்தானுங்களே தாண்டுச்சு? அதுவும் பொட்டப்புள்ளதானுங்களே?"

"அது ஆரூட்டுப் புள்ளையோ சாமி, நாம வேண்டாங்க முடியுமா?" என்றார் அப்பா. கொஞ்ச தூரம் போன பிறகு, தனக்குத்தானே பேசுவது மாதிரி சொன்னார்: "அதைப் பெத்தவன் குடுத்துவெச்சவன்."