பூ சொன்ன பிறகும்

எங்கள் வீட்டில் யாரும் யாரிடமும் முடியாது என்று சொல்லுவதில்லை. "பார்க்கலாமுங்க" என்பார்கள். ஏர் மாடு இரவல் கேட்டு வருகிறவருக்கும் அதே பதில், விதைக்கடலை கேட்டு வரும் உறவுக்காரருக்கும் அதே பதில். கேட்டவர் தலையை ஆட்டி, மோரைக் குடித்துவிட்டுப் போவார். கிடைக்காது என்பது அவருக்கும் தெரியும். கொடுக்கப் போவதில்லை என்பது எங்களுக்கும் தெரியும். இதற்கு மரியாதை என்று பெயர். கல்யாணமாகி வந்த புதிதில் எனக்கும் இது பெரிய நாகரிகமாகத் தோன்றியது. இப்போது அந்தச் சொல்லைக் கேட்டாலே உடம்பு எரிகிறது.

என் மகள் தொட்டிலில் கிடந்தபோதே அவளை ஒருவர் கேட்டுவிட்டார். கேட்டவர் என் கணவரின் அக்காள். புருஷனுடைய அக்காளை எங்கள் பக்கத்தில் நங்கையா என்போம். அவரை எருமப்பட்டிக்குப் பக்கத்தில் ஒரு பண்ணயக்காரர் வீட்டில் கொடுத்திருந்தது. அவருக்கு இரண்டு மகன்கள். மூத்தவனுக்குச் சில வருஷம் கழித்து மணமானது. இளையவன் அப்போது சட்டை போடாமல் கட்டுத்தரையில் கன்றுக்குட்டியோடு ஓடித் திரிகிற வயது.

தொட்டில் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நங்கையா சொன்னார்: "இவ என்ற சின்னவனுக்குத்தான். இணைச்சீரு அன்னிக்கே முடிஞ்ச பேச்சு."

எங்கள் கல்யாணங்களில் இணைச்சீர் என்று ஒரு சடங்கு உண்டு. தாலி கட்டுவதற்கு முன்னால் மாப்பிள்ளையையும் அவன் சகோதரியையும் ஒரு சேலையால் இணைத்து வைப்பார்கள். தம்பிக்குப் பெண்டாட்டி வந்தாலும் கூடப்பிறந்தவளின் உரிமை போய்விடாது என்பது அதன் பொருள். தம்பிக்குப் பிறக்கப் போகிற பிள்ளைகளும் அந்த உரிமையில் அடக்கம் என்று நங்கையா எடுத்துக்கொண்டார். அவர் அந்தச் சேலையைப் பிடித்து நின்றபோது நான் உள்ளறையில் தலை குனிந்து உட்கார்ந்திருந்தேன். வெளியே என் வயிற்றுக்கும் சேர்த்துப் பேசி முடிக்கிறார்கள் என்று யாரும் எனக்குச் சொல்லவில்லை.

தொட்டிலருகே நின்று நான் சொன்ன பதிலும் "பார்க்கலாமுங்க நங்கையா" என்பதுதான்.

அந்தப் பதிலை அவர் சம்மதமாக வைத்துக்கொண்டார். மகள் நடக்க ஆரம்பித்ததும் "என்ற மருமவளே" என்று கூப்பிட்டார். ஊரில் எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். வேறு என்ன செய்வது? சிரிக்காவிட்டால் முகத்தைப் பார்த்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று பயந்தேன்.

நான் நாமக்கல்லில் பெண்கள் பள்ளிக்கூடத்தில் எட்டாவது வரை படித்தவள். மகளை அதற்கு மேலும் படிக்க வைக்க வேண்டும், நங்கையாவின் ஊரில் பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் இல்லை, ஆகையால் இந்தச் சம்பந்தம் வேண்டாம். இதுதான் நான் எனக்குச் சொல்லிக்கொண்டிருந்த காரணம். கேட்பவர் குற்றம் சொல்ல முடியாத காரணம். அரிசி களையும்போதும் பிள்ளைக்குத் தலை வாரும்போதும் அதை மனதுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்ப்பேன். ஒரு நாள் அப்படிச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒரு கேள்வி வந்தது. நங்கையாவின் வாசலிலேயே ஒரு பள்ளிக்கூடம் இருந்தால் அனுப்புவேனா? மாட்டேன். பிறகு எதற்கு இந்தப் பள்ளிக்கூடத்தை இழுக்கிறேன்?

உண்மைக் காரணம் அதற்கு முந்தின வருஷம் கடலை வெட்டின்போது நான் பார்த்தது. நங்கையாவின் வீட்டுக்கு வேலைக்கு ஒத்தாசையாகப் போயிருந்தோம். அவருடைய மூத்த மருமகள், பதினாறு வயதுப் பெண், கிணற்றடியில் தண்ணீர் சேந்திக்கொண்டிருந்தாள். கண் இரண்டும் சிவந்து கிடந்தன. கையைத் தொட்டேன். அடுப்புப் போலச் சுட்டது.

"புள்ளைக்குக் காச்சலுங்க நங்கையா," என்றேன்.

"காச்சலுன்னா கை காலு அத்துப் போயிருச்சா?" என்றார் அவர். "நானெல்லாம் புள்ளையப் பெத்துட்டு மறுநாளே களை வெட்டுனவ."

கடலை ஆய்ந்துகொண்டிருந்தவர்கள் சிரித்தார்கள். அந்தப் பெண்ணும் சிரித்தாள். நான் கயிற்றை வாங்கப் போனேன்.

"உடு அம்மணி. பொஸ்தகம் புடிச்ச கையி, கவுறு பட்டாக் கொப்புளிச்சுப் போயிரும்."

மறுபடியும் சிரிப்பு. அந்தப் பெண்ணும் வெளியிலிருந்து வந்தவள் அல்ல. நங்கையாவின் புருஷனுடைய தங்கை மகள். சொந்தத்தில் கொடுத்தால் கண்ணில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள் என்று சொல்லித்தான் கொடுத்தார்கள். என் மகளைப் பற்றியும் அதையேதான் சொல்கிறார்கள். சொந்தம் என்று இவர்கள் சொல்வது கேள்வி கேட்க ஆளில்லாத இடத்தை. வெளியாள் வீட்டில் கொடுத்தால் சண்டை போட ஒரு வழியாவது இருக்கும்.

கணவரிடம் ஒரு சாயங்காலம் சொன்னேன். அவர் வாசலில் உட்கார்ந்து மாட்டுக்குத் தும்புக் கயிறு முறுக்கிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, எனக்கு இதுலே மனசில்லைங்க."

"எதுலே?"

"நங்கையா கேக்கறதுலே."

அவர் தும்பை முறுக்கி முடித்துவிட்டுத்தான் பேசினார். "மனசில்லைன்னு நான் எந்த வாயாலே போய்ச் சொல்றது? என்னய இடுப்புலே தூக்கி வளத்துனவ அவ."

"நான் சொல்லட்டுங்களா?"

"நீ சொன்னா நான் சொல்லச் சொன்னேன்னு பேசுவா அவ." பிறகு முகம் தெளிந்தது. "பூக்கேட்டுப் பாத்துரலாம். அம்மன் என்ன சொல்லுதோ அதுதான். ஆருக்கும் ஆரு மேலயும் வெசனமில்லை."

பூக்கேட்பது எங்கள் பக்கத்து வழக்கம். வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனியாக இலையில் மடித்து அம்மன் முன்னால் வைப்பார்கள். ஒரு சின்னக் குழந்தையை விட்டு ஒரு பொட்டலத்தை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் செய்யலாம், சிவப்பு வந்தால் கூடாது. கிணறு வெட்டுவது, நிலம் வாங்குவது, பெண் கொடுப்பது எல்லாவற்றுக்கும் கேட்பார்கள். எனக்கும் அம்மனிடம் பக்தி உண்டு. ஆனால் இந்த வீட்டார் அம்மனிடம் போவது தெரியாததைத் தெரிந்துகொள்ள அல்ல. தெரிந்ததைத் தங்கள் வாயால் சொல்லாமல் தப்பித்துக்கொள்ளத்தான். இதை எழுதும்போது கை கூசுகிறது. ஆனாலும் அப்படித்தான்.

குறித்த நாள் வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. சிவப்பு வரவேண்டும் என்று வேண்டினேன். அப்படி வேண்டலாமா என்று பயந்து, உன் சித்தம் என்று மாற்றி வேண்டினேன். பிறகு மறுபடியும் சிவப்பு என்று வேண்டினேன். வெள்ளை வந்தால் என்ன செய்வேன் என்று யோசிக்கவே துணியவில்லை.

நங்கையா தம் மூத்த மருமகளையும் அழைத்துக்கொண்டு கோயிலுக்கு வந்தார். கூடையில் உப்பும் சர்க்கரையும் இருந்தன. எங்களில் அதை மாற்றிக்கொண்டால் சம்பந்தம் உறுதி. பூக்கேட்பதற்கு முன்பே அதைக் கட்டிக்கொண்டு வந்திருந்தார். என் மாமியார் அதைப் பார்த்தார், பார்க்காதது போல முந்தானையைச் சரிசெய்துகொண்டார். கணவர் கோபுரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

பூசாரி பொட்டலங்களை வைத்தார். எடுக்க வேண்டிய குழந்தை என் மகளேதான். "போ சாமி, ஒண்ணை எடுத்துட்டு வா," என்றார். அவள் ஒன்றைத் தொட்டாள். கையை எடுத்துக்கொண்டு என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் தரையைப் பார்த்தேன். பிறகு மற்றதை எடுத்துக் கொண்டுவந்து கொடுத்தாள். பூசாரி பிரித்தார். செவ்வரளி.

எனக்கு மூச்சு வந்தது.

"மொதல்ல அதைத் தொட்டாளே," என்றார் நங்கையா. "தொட்டது கணக்கில்லைங்களா? இன்னொருக்காக் கேளுங்க."

"ஒரே நாள்ல ரெண்டு தடவை கேக்கற வழக்கமில்லைங்க," என்றார் பூசாரி.

அதோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் நங்கையா என்னிடம் வந்து இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டார். கண்ணில் நீர் நின்றது. அது பொய்க் கண்ணீர் என்று நான் சொல்லமாட்டேன்.

"நாம ரெண்டு பேரும் எத்தனை ஆசையா இருந்தோம் அம்மணி. உனக்கும் வயிறு எரியுதுதானே? சொல்லு, உனக்கும் ஆசைதானே?"

ஆமாங்க என்று ஒரு சொல் போதும். தலையை அசைத்தால்கூடப் போதும். வேண்டியது எனக்குக் கிடைத்துவிட்டது. அம்மனே கொடுத்துவிட்டாள். ஆனால் ஆசையாக இருந்தேன் என்று அங்கே நின்று சொன்னால், அடுத்த வருஷம் மறுபடியும் கேட்க வருவார்கள், அப்போதும் நான் சிரித்துக்கொண்டு நிற்க வேண்டியிருக்கும். மகள் என் சேலையைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஆசையில்லைங்க நங்கையா. எப்பவும் இருந்ததில்லைங்க."

கை விலகியது. "என்ன சொன்ன?"

"உங்க ஊட்டுக்கு எம்புள்ளையை அனுப்ப எனக்கு மனசில்லைங்க. காச்சலோட அந்தப் புள்ளை தண்ணி சேந்துனதை நான் பாத்தேனுங்க. நாளைக்கு அந்தக் கயித்தை எம்மவ புடிக்க வேண்டாமுங்க."

நங்கையாவின் கண்ணீர் அப்படியே காய்ந்துவிட்டது.

"படிச்ச திமிரு," என்றார் தம்பியைப் பார்த்து. "பொண்ணு கேட்டவளை ராட்சசியாக்கிப் போட்டா. சந்நிதியிலே வெச்சு. கேட்டுட்டு நிக்கறயே நீ? இத்தனை நாளு இளிச்சது எதுக்கு அம்மணி? அன்னிக்கே மூஞ்சியிலே துப்பியிருக்கலாமே?"

கடைசியில் கேட்டது நியாயமான கேள்வி.

கூடையைத் தூக்க வந்த மூத்த மருமகள் என் பக்கத்தில் குனிந்தபோது, தாழ்ந்த குரலில் சொன்னாள்: "நான் உங்ககிட்ட வந்து சொன்னனுங்களா அத்தை? நீங்க வண்டியேறிப் போயிருவீங்க. நான் இவிய கூடத்தானே போகோணும்?"

அவள் முகத்தில் இருந்தது நன்றி அல்ல. வெறுப்பு. எத்தனை யோசித்தும் அந்த இடம்தான் எனக்குச் சரியாகப் படவில்லை. நான் சொன்னது உண்மை. ஆனால் அதில் பாதி அவளுடைய உண்மை. அவளைக் கேட்காமல் எடுத்துப் பேசிவிட்டேன். அன்று வீட்டுக்குப் போய் அவள் என்ன பட்டாளோ. விசாரிக்க எனக்கு இனி வழியும் இல்லை.

திரும்பும் வழியில் வண்டியில் மாமியார்தான் பேசினார். "பூவே சொல்லிப் போட்டுதே, நீ எதுக்குடி வாயத் தொறந்த?"

கணவர் மாட்டைப் பார்த்தபடி சொன்னார்: "நோகாம முடிஞ்சதை நோகடிச்சு முடிச்சுட்ட."

நான் கொல்லிமலைப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவர் சொன்னதிலும் தப்பில்லை. அதற்கப்புறம் அவர் என்னிடம் வேலைப் பேச்சு தவிர வேறு பேசுவதில்லை. அக்காள் வராத வீடு என்று ஊரார் பேசுவது அவருக்கு அவமானம். நல்ல மனிதர்தான். ஆனால் யாராவது ஒருவருக்கு நோகிற பேச்சு எதுவுமே அவர் வாயிலிருந்து வராது. அதனால் அந்த நோவு முழுவதும் யார் மேல் விழுகிறது என்று அவர் திரும்பிப் பார்த்ததில்லை. இதையும் அவரிடம் சொல்லிவிட வேண்டும் என்று தோன்றுகிறது. சொன்னால் அது உண்மையா, கோபமா? பிரித்துப் பார்க்க எனக்குத் தெரியவில்லை. உண்மை பேசுகிறேன் என்று நினைத்துக்கொண்டு ஆத்திரத்தைத்தான் கொட்டுகிறேனோ என்று சில சமயம் பயமாக இருக்கிறது.

அதைவிடப் பெரிய பயம் ஒன்று உண்டு. கோயிலில் நான் பேசியது சிவப்பு வந்த பிறகு. கையில் தீர்ப்பு இருந்தபோது வந்த தைரியம் அது. வெள்ளை வந்திருந்தால் பேசியிருப்பேனா? உப்பும் சர்க்கரையும் மாற்றும்போது தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பேன் என்றுதான் நினைக்கிறேன்.

தை மாதம் நங்கையா ஊரிலிருந்து ஒரு ஆள் வந்தார். அவர்கள் பண்ணயத்துக் கணக்குப்பிள்ளை, வயதானவர். கோபமாகப் போனாலும் நங்கையா விட்டுவிடவில்லை. அவர் எதையும் விடுகிறவர் அல்ல. பங்குனியில் மறுபடியும் பூக்கேட்கலாம், இந்தத் தடவை வேறு குழந்தையை வைத்து எடுக்கலாம், நடந்ததை மனதில் வைத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி அனுப்பியிருந்தார். மாமியாருக்கு முகமெல்லாம் மலர்ச்சி. கணவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பிசைந்த கை நின்றது.

"அவளே எறங்கி வந்திருக்கறா," என்றார் மாமியார் உள்ளே வந்து. "என்ன சொல்லி உடறது?"

கணவர் என்னைப் பார்த்தார். கோயிலுக்குப் பின் அவர் என்னை நேராகப் பார்த்தது அப்போதுதான். பேசாமல் இருக்கச் சொல்லும் பார்வை அது. கெஞ்சுகிற பார்வையும்தான். இப்போது கையில் எந்தப் பூவும் இல்லை.

நான் வாசலுக்குப் போனேன். அந்தப் பெரியவர் மோர்ச் செம்பைக் கீழே வைத்தார்.

"பூக்கேக்க நாங்க வரலீங்க," என்றேன். "வெள்ளை வந்தாலும் பொண்ணைக் குடுக்கறதா இல்லைங்க."

அவர் என் தோளுக்கு மேலாக வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். எச்சில் கையோடு கணவர் நடையில் வந்து நின்றிருந்தார். அவர் ஆமாம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை.

"இதை ஆரு சொன்னதாச் சொல்றதுங்க அம்மணி?"

"நான் சொன்னதாகவே சொல்லுங்க," என்றேன். அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு புறப்பட்டார். உள்ளே என் கணவர் கை கழுவும் சத்தம் கேட்டது. திரும்பிப் போய் அவர் முகத்தைப் பார்க்க எனக்கு நேரம் பிடித்தது.