பதினான்கு பேரும் தூங்கிவிட்டார்கள்

பொற்கொடியின் குரலுக்கு ஆளை அசத்தும் குணம் உண்டு. சூலூர் அரசுப் பள்ளியில் காலை வணக்கத்தில் அவள் செய்தி வாசித்தால், நின்றபடியே கொட்டாவி விட்டவர்கள் உண்டு. பின்னாளில் பீளமேட்டில் ஒரு கல்லூரியில் உளவியல் நடத்தப் போனபோது, மத்தியான வகுப்பில் கடைசி இரண்டு பெஞ்சுகள் முழுமையாகச் சாய்ந்தன. வேறொருத்தியாக இருந்தால் வருந்தியிருப்பாள். பொற்கொடி ஹிப்னாட்டிசத்தை முனைவர் பட்ட ஆய்வுக்கு எடுத்துக்கொண்டாள்.

தோட்டங்களில் களையெடுத்து, பிறகு மில்லில் நூல் கோன் சுற்றி அவளைப் படிக்க வைத்த அம்மாவுக்கு இந்த ஆய்வைப் பற்றி ஒரே ஒரு சந்தேகம்தான். “தூங்க வெக்கறதுக்குமா கண்ணு ஏழு வருசம் படிக்கோணும்?”

ஏழு வருடம் ஆகிவிட்டதுதான் சிக்கல். ஏப்ரல் முப்பதுக்குள் ஆய்வேட்டைக் கொடுத்தாக வேண்டும். ஜூனில் துறையில் நிரந்தர இடம் ஒன்று வருகிறது. பட்டம் இருந்தால் அது பொற்கொடிக்கு; இல்லையென்றால் அவளிடமே படித்துவிட்டு அவளுக்கு முன்னால் பட்டம் வாங்கிய பிரீத்திகாவுக்கு. பிரீத்திகா நல்ல பெண். அது விஷயத்தை இன்னும் மோசமாக்கியது.

ஆய்வின் பொருள் விசைத்தறித் தொழிலாளர்களின் தூக்கமின்மை. ஒரு வாரம் பகல் ஷிப்ட், மறுவாரம் ராத்திரி ஷிப்ட் என்று மாறி மாறி ஓட்டுகிறவர்களுக்குத் தூக்கம் எந்த நேரத்துக்கு வருவது என்று தெரியாமல் வராமலே போய்விடுகிறது. சோமனூரில் ஐயாசாமி என்பவரின் தறிக்கூடம் கிடைத்தது. எட்டுத் தறி, முதலாளியும் அவரே, தறி ஓட்டுகிறவர்களில் ஒருவரும் அவரே. அவர் கூடத்திலும் அக்கம்பக்கத்துக் கூடங்களிலுமாகப் பதினான்கு பேர் சம்மதித்தார்கள்.

பங்கேற்பாளரின் நம்பிக்கையைப் பெறாமல் ஹிப்னாட்டிசம் நடக்காது என்று அவள் படித்த எல்லாமே சொல்லின. அவர் உட்காரும் விதத்தில் நாமும் உட்கார வேண்டுமாம். பொற்கொடி போன முதல் நாள் ஐயாசாமி நூல் மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். அவளும் பக்கத்து மூட்டையில் உட்கார்ந்தாள். அவர் பதறி எழுந்து போய் பிளாஸ்டிக் நாற்காலி கொண்டு வந்தார். அவள் நாற்காலியில் உட்கார்ந்ததும் அவர் நின்றுகொண்டார். அவள் எழுந்தாள். “ஏனுங்க அம்மணி, சேர்ல தூசிங்களா?” என்று துண்டால் தட்டினார். இணக்கம் உருவாவதற்குள் அரை மணி நேரம் இருவரும் எழுந்து உட்கார்ந்ததில் போனது.

நான்கு தடவை போய், ஹிப்னாட்டிசம் என்ற பேச்சையே எடுக்காமல் காப்பி மட்டும் குடித்துவிட்டு வந்தாள். ஐந்தாவது தடவை விளக்கினாள். இது வசியம் இல்லை, மை வைப்பதும் இல்லை, நினைவு தப்பாது, வேண்டாம் என்றால் எப்போது வேண்டுமானாலும் எழுந்துகொள்ளலாம். எல்லாரும் தலையாட்டினார்கள். ஊடை நூலைத் தார்க்குச்சியில் சுற்றிக்கொண்டிருந்த சின்னாத்தாள் மட்டும் கேட்டாள்.

“தூங்கறப்ப ஏடிஎம் நம்பரக் கேப்பீங்களாக்கு?”

“அதெல்லாம் கேக்க மாட்டனுங்க்கா.”

“கேட்டாலும் ஒண்ணுமில்லீங்க. எனக்கே தெரியாது. எம்பையனுக்குத்தான் தெரியும். அவனத் தூங்க வெச்சுக் கேளுங்க, எனக்கும் சொல்லிப்போடுங்க.”

சிரித்தார்கள். சம்மதப் படிவத்தை யாரும் படிக்கவில்லை. “நீங்க குடுத்தத படிச்சுப் பாத்துட்டா கையெழுத்துப் போடறது? நல்லாருக்காதுங்க,” என்றார் ஐயாசாமி. நம்பிக்கை வந்துவிட்டது என்று பொற்கொடி அன்று குறிப்பேட்டில் எழுதினாள்.

தறிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த நூல் குடோனில் ஒரு கட்டில் போட்டார்கள். ஆய்வு அமைதியான அறையில் நடக்க வேண்டும் என்பது கல்லூரியின் ஆய்வு நெறிமுறைக் குழு ஒப்புதல் கொடுத்த விதி. எட்டுத் தறி ஓடும்போது அங்கே அமைதிக்கு எங்கே போவது? அவள் தயங்கித் தயங்கிக் கேட்க, ஐயாசாமி எல்லாத் தறியையும் நிறுத்தினார். “அரை மணி நேரம் நிறுத்திப்போட்டா என்னங்க ஆயிரப்போகுது?” அவள் வந்த நாளிலெல்லாம் நிறுத்தினார்.

பதினான்கு பேரும் பிரமாதமாக ஒத்துழைத்தார்கள். கண் கனக்கிறது என்றாள், மூடினார்கள். கை தானாக எழுகிறது என்றாள். பள்ளிக்கூடத்தில் பேர் கூப்பிட்டதுபோல் எழுந்தது. மூன்று வாரம் கழித்துத் தூக்கம் எப்படி என்று கேட்டாள். எல்லாருக்கும் நன்றாக வந்தது. ஹிப்னாட்டிசத்தில் எவ்வளவு ஆழமாகப் போனார்கள் என்று அளக்கும் அளவுகோலில் பதினான்கு பேரும் பன்னிரண்டுக்குப் பன்னிரண்டு.

நெறியாளர் கௌதமன் அட்டவணையைப் பார்த்துக் கண்ணாடியைக் கழற்றினார்.

“பத்துப் பேர்ல ஒருத்தரோ ரெண்டு பேரோதானம்மா அவ்வளவு ஆழமாப் போவாங்க. உங்களுக்குப் பதினாலும் போயிருக்கு. ஒண்ணு உங்களுக்கு நோபல் பரிசு குடுக்கோணும், இல்ல எல்லாருஞ் சேந்து உங்கள ஏமாத்தியிருக்கோணும்.”

“அவங்க அப்படிப்பட்டவங்க இல்லீங்க சார்.”

“அதத்தான் நானுஞ் சொல்றேன்.”

துறையில் உடன் ஆய்வு செய்யும் பக்ருன்னிசாவிடம் பதினான்கு தொலைபேசி எண்களைக் கொடுத்தாள். கோட்டைமேட்டுப் பெண், யாரிடமும் ஐந்து நிமிடத்தில் பேச்சுக் கொடுத்துவிடுவாள். முகத்துக்கு நேரே சொல்லாததை மூன்றாவது ஆளிடம் சொல்வது இந்தப் பக்கத்து வழக்கம். பொண்ணுப் பார்த்துவிட்டு வேண்டாம் என்பதைக்கூட அப்படித்தான் சொல்லி அனுப்புவார்கள். பக்ருன்னிசா இரண்டு நாளில் பேசி முடித்தாள்.

“எல்லாரும் உன்னய ரொம்பப் புகழுறாங்கடி.”

“தூக்கம்?”

“ஒருத்தருக்கும் வரல. ஐயாசாமி அண்ணன் சொல்றாரு, ‘அந்த அம்மணி வெயில்ல பஸ் மாறி வருதுங்க, பாவம், கண்ணத் தொறந்தா மனசு சங்கடப்படுமுங்க.’ ஒரு அக்கா உள்ள படுத்துட்டு ராத்திரிக் கொழம்புக்கு என்ன வெக்கிறதுன்னு யோசிச்சுட்டு இருந்துச்சாம்.”

மறுநாள் பொற்கொடி சோமனூர் போய் இறங்கும்போது இருபத்தாறு நாள் பாக்கி இருந்தது. அவளைக் கண்டதும் ஐயாசாமி வழக்கம்போலத் தறிகளை நிறுத்தப் போனார். நாற்காலி வந்தது. அவள் உட்காரவில்லை.

“ஏனுங்கண்ணா, பொய் சொல்றதுக்கு ஒரு அளவு வேண்டாமுங்களா?”

அந்தக் கூடத்தில் அவள் குரல் உயர்ந்தது அதுவே முதல் தடவை. கொட்டாவி விடவைக்கும் குரல் அல்ல அது. உங்கள் மரியாதையால் என் ஏழு வருடம் போயிற்று, வேலை போகப்போகிறது, ஒன்றும் ஆகவில்லை என்று முதல் நாளே சொல்லியிருந்தால் நன்றி சொல்லிக் காலில்கூட விழுந்திருப்பேன் என்றெல்லாம் கத்தினாள். ஐயாசாமி தலையைக் குனிந்துகொண்டார். சின்னாத்தாள்தான் முன்னால் வந்தாள்.

“சத்தம் போட்டுப்போட்டீங்கல்ல, இனி நாங்களும் சொல்லலாமுங்க. நீங்க ஏனுங்க தறிய நிறுத்தச் சொன்னீங்க?”

“அமைதியா இருந்தாத்தானுங்க்கா தூக்கம் வரும்.”

“யாருக்கு?”

பொற்கொடி குடோன் பக்கம் திரும்பிப் பார்த்தாள்.

“தறி நின்னா எங்களுக்குத் திக்குனு இருக்குமுங்க. பாவு நூலு அந்து போச்சா, கரண்டு போச்சா, மோட்டாரு பொகையுதான்னு. வீட்டுல தூங்கீட்டு இருந்தாலும் தறி நின்னா முழிச்சுக்குவோம். நீங்க எட்டுத் தறியவும் நிறுத்திப்போட்டு, மனச லேசா வைங்கன்னா எப்புடி வெக்கறது?”

“இத மொதல்லயே சொல்லக்கூடாதுங்களா?”

“நீங்க ஆசையாக் கேட்டீங்க,” என்றார் ஐயாசாமி, தரையைப் பார்த்தபடி.

தறிகள் ஓடின. சின்னாத்தாள் கட்டிலில் படுத்தாள். ‘மெல்ல, மிக மெல்ல’ என்று தொடங்கும் வாசகத்தைப் பொற்கொடி அவள் காதருகே குனிந்து, தொண்டை நரம்பு புடைக்கக் கத்தினாள். உலகத்தில் யாரும் யாரையும் இப்படி அமைதிப்படுத்தியிருக்க மாட்டார்கள் என்று நடுவில் அவளுக்கே தோன்றியது. கை எழட்டும் என்றாள். எழவில்லை. திரும்பச் சொன்னாள். இரண்டு நிமிடம் கழித்து ஆள்காட்டி விரல் மட்டும் அசைந்தது. பிறகு மணிக்கட்டு, அப்புறம் முழங்கை. விட்டு விட்டு, யாரோ நூல் கட்டி இழுப்பதுபோல் கை மேலே வந்து அந்தரத்தில் நின்றது. அப்படி ஒரு கையைப் பொற்கொடி பயிற்சி வகுப்பில் ஒரே ஒரு தடவை பார்த்திருக்கிறாள்.

“எப்படி இருக்குதுங்க்கா?”

“தொணதொணங்காத புள்ள,” என்றாள் சின்னாத்தாள், கண் திறக்காமல். “சும்மா இரு.”

பொற்கொடிக்குக் கண் கலங்கிவிட்டது.

அந்த வாரத்தில் ஐந்து பேருக்குச் செய்தாள். ஒருத்தி ஆழமாகப் போனாள். இரண்டு பேர் பாதி வழி. ஐயாசாமி கட்டிலிலிருந்து எழுந்து, வாழ்நாளில் செய்யாத காரியத்தைச் செய்தார். “எனக்கு ஒண்ணுமே ஆகலீங்க அம்மணி,” என்றார். சொல்லிவிட்டுக் கூடவே ஒரு சீப்பு வாழைப்பழமும் கொடுத்தார். ஐந்தாவது ஆளுக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் பழம் கொடுக்கவில்லை.

கௌதமன் புதுக் குறிப்புகளைப் பொறுமையாகப் படித்தார்.

“இதுதாம்மா ஆராய்ச்சி. ஆனா இதச் சேக்க முடியாது. ஒப்புதல்ல அமைதியான அறைன்னு இருக்கு. மாத்தோணும்னா குழு மறுபடி கூடோணும். ஜூலைதான்.”

“ஏப்ரல் முப்பதுங்க சார்.”

“பழைய பதினாலு இருக்குல்ல? ரெண்டு பேருக்கு மார்க்கக் கொறச்சு எழுதிக் குடுங்க. யாரு சோமனூருக்கு வந்து பாக்கப்போறாங்க?”

அவர் நல்லெண்ணத்தில்தான் சொன்னார். இத்தனை நாளும் எல்லாரும் நல்லெண்ணத்தில்தான் இருந்தார்கள். பதினைந்து நாள் அந்தக் கோப்பைத் திறந்து திறந்து மூடினாள். இரண்டு பேருக்குக் குறைத்தும் பார்த்தாள், நம்பும்படியாகத்தான் இருந்தது. யாருக்குக் குறைப்பது என்று தேடியபோது ஐயாசாமியின் பெயரில் விரல் நின்றது. அந்த மனிதருக்கு எத்தனை போடுவது? ஒன்றுமே ஆகவில்லை என்று வாய் திறந்து சொன்னவருக்குப் பத்தா? பதினான்கையும் அழித்தாள். நீட்டிப்புக்கு விண்ணப்பித்தாள்.

ஜூனில் பிரீத்திகா சேர்ந்தாள். “மேம், நீங்க இருக்க வேண்டிய எடம்,” என்று கையைப் பிடித்துக்கொண்டாள். பொற்கொடி பரவாயில்லை என்றாள், அது உண்மையில்லை.

ஜூலையில் குழு கூடியது. ஓடும் தறிகளுக்கு நடுவே ஹிப்னாட்டிசம் செய்ய அனுமதி கேட்டிருந்த நான்கு பக்க விண்ணப்பத்தைப் படித்துவிட்டு ஒரே ஒரு கேள்வி எழுதி அனுப்பினார்கள். பங்கேற்பாளர்களின் வசதியை முன்னிட்டு, ஆய்வு நேரத்தில் தறிகளை நிறுத்திவைக்கக் கேட்டுக்கொள்ள இயலுமா?

பணிவன்புடன் என்று தொடங்கி மூன்று பதில்கள் எழுதினாள். மூன்றையும் கிழித்தாள். நான்காவது தாளில் ‘இயலாது’ என்று எழுதி, கீழே கையெழுத்துப் போட்டுக் கொடுத்தனுப்பினாள்.

சாயங்காலம் கௌதமன் கூப்பிட்டார். “என்னம்மா, குழுவுக்கு இப்படியா எழுதறது? மூஞ்சில அடிச்ச மாதிரி?”

“ஆமாங்க சார்,” என்றாள் பொற்கொடி.