சித்திரை வெயிலில் ஒரு ஸ்வெட்டர்

பாச்சை உருண்டை வாடையோடு வேர்வையும் பால் கவிச்சியும் சேர்ந்தால் என்ன மணம் வருமோ, அதுதான் எனக்கு என் புதுநன்மையின் மணம். எழுமலைக்குப் பக்கத்தில் மானாவாரிக் காடுகளுக்கு நடுவே இருந்த எங்கள் ஊரில், மாதா கோவிலைச் சுற்றி ஒரு தெருவும் அரைத் தெருவுமாக வேதக்காரர்கள் நாங்கள் இருந்தோம். அந்தக் கோடையில் முதன்முதலாக நற்கருணை வாங்கப்போகும் பிள்ளைகளில் நானும் ஒருத்தி. எழுமலை தையல்காரரிடமிருந்து வெள்ளைக் கவுன் வந்துவிட்டது. அதே வாரத்தில்தான் அம்மா, கைக்குழந்தையாக இருந்த என் தம்பிக்கு, கோவிலில் எப்போதோ கொடுத்த வெளிநாட்டு உடுப்பு மூட்டையிலிருந்து ஒரு முழுக்கைக் கம்பளி ஸ்வெட்டரை எடுத்து மாட்டத் தொடங்கினாள்.

காரணம் அவனுடைய இடது கையில் இருந்தது. ராத்திரியெல்லாம் வீறிட்டு அழுது, குடித்த பாலைக் கக்கி, ஆஸ்பத்திரி மருந்துக்கும் மசியாமல் அவன் துவண்டு போனபோது, அம்மா விடியுமுன் அவனைத் தூக்கிக்கொண்டு கண்மாய்க்கு அந்தப் பக்கம் இருந்த "கோடாங்கி"யிடம் போய், உடுக்கையடித்து மந்திரித்த கறுப்புக் கயிற்றைக் கட்டி வந்திருந்தாள். அமாவாசை வரை அதை அவிழ்க்கக் கூடாதாம். மறுநாளே பிள்ளை பால் குடித்தான் என்பதால் அவிழ்க்கும் எண்ணமும் அவளுக்கு இல்லை.

எங்கள் கோவில் பங்கில் இது லேசான குற்றமல்ல. முந்தின வருடம் அப்படிப் போய்வந்த ஒரு வீட்டைப் பங்குச் சாமியார் பூசை முடிவில் பேர் சொல்லாமல் குத்திக்காட்ட, கோவிலில் இருந்த அத்தனை தலையும் அவர்கள் பக்கம் திரும்பியது. அந்த வீட்டுப் பையனுக்கு அந்த வருடம் புதுநன்மை கிடையாது என்றாகிவிட்டது.

பூசை முடிவில் வாசிக்கும் அந்த "அறிக்கை"தான் எங்களுக்குப் பேப்பர், ரேடியோ எல்லாம். யாருக்கும் யாருக்கும் கல்யாணம், யாருக்காகத் துக்கப் பூசை, வருகிற சனிக்கிழமை கோவிலைக் கூட்டிக் கழுவ வேண்டியது எந்த வீட்டார் முறை என்று உபதேசியார் வாசித்து முடித்ததும், சாமியார் தொண்டையைச் செருமிக்கொண்டு தம் பங்குக்கு ஆரம்பிப்பார். ஊர்ச்சங்கதி அவர் காதுக்கு எப்படிப் போகிறது என்பதில் யாருக்கும் சந்தேகமே இருந்ததில்லை. வியாழக்கிழமைதோறும் வீடு வீடாகப் போய் நோயாளிகளை விசாரித்து, சண்டைக்காரர்களைச் சமாதானம் பண்ணி, ஜெபமாலை சொல்லிவிட்டு வருகிற இரண்டு பெண்கள் இருந்தார்கள். சவரியம்மா பாரியான ஆள், கைம்பெண். ரோணிக்கம் அக்கா வயதில் இளையவர், ஓரிடத்தில் நிற்காத கண்கள். கூலி வாங்காத ஊழியம்தான், ஆனால் தனியாகப் போகக் கூடாது, ஜோடியாகத்தான் போக வேண்டும் என்பது அவர்கள் சேர்ந்திருந்த கோவில் சபையின் ஒழுங்கு. அம்மா அதற்கு வேறு பொருள் வைத்திருந்தாள். "ஒருத்தி பேசுறதுக்கு, இன்னொருத்தி பாக்குறதுக்கு."

மதுரையில் மில் வேலை பார்த்த அப்பா சனிக்கிழமை வந்து கயிற்றைப் பார்த்துவிட்டு அறுத்து எறியச் சொன்னார், மகளின் புதுநன்மை கெட்டுவிடும் என்றார். அம்மா அசையவில்லை. "இவளுக்குப் புதுநன்மை அடுத்த வருசமும் வரும். அவன் போயிட்டா வருவானா?" என்றாள். எனக்கு அது பெரிய அநியாயமாகப் பட்டது, அடுத்த வருடம் அந்தக் கவுன் எனக்குப் பத்தாது.

வியாழக்கிழமை அவர்கள் வந்தார்கள். வெளியே கொளுத்துகிற வெயில், உள்ளே ஸ்வெட்டருக்குள் வெந்துகொண்டு தம்பி கத்தினான். லேசான சளி என்று அம்மா சொன்னதை யார் நம்புவார்கள்? சவரியம்மா அவனை வாங்கி மடியில் போட்டு, "பிள்ள அவிஞ்சு போகும்டி" என்று ஸ்வெட்டரைத் தலைவழியாக உருவினார். கயிறு வெளியே தெரிந்தது. இருவருமே அதைப் பார்த்தார்கள், ஆனால் ஒருவரையொருவர் பார்த்துக்கொள்ளவில்லை. முந்தானையால் பிள்ளைக்கு விசிறி, ஜெபமாலையை முடித்து, சர்வேசுரனுக்குத் தோத்திரம் சொல்லிப் புறப்பட்டார்கள். அவர்கள் திட்டியிருந்தால்கூட எனக்கு அத்தனை பயம் வந்திருக்காது.

ஞாயிற்றுக்கிழமை அம்மா என் கையைப் பிடித்த பிடியில் வளையல் பதிந்தது. உபதேசியார் வாசித்தார், சாமியார் செருமினார், கண்மாயில் ஆடு மேய்த்துக்கொண்டு பூசைக்கு வராதவர்களைத் திட்டினார், ஆசீர்வாதம் கொடுத்துவிட்டார். அவ்வளவுதான். அம்மாவுக்கு அதனால் சந்தேகம் கூடியதே தவிரக் குறையவில்லை. "சும்மா விட மாட்டாக. வச்சிருந்து சொல்லுவாக" என்றாள்.

திங்கட்கிழமை மத்தியானம், ஆடு கட்டும் கொல்லைப்பக்கமாக சவரியம்மா வந்தார், தனியாக. ரோணிக்கம் வரவில்லையா என்று அம்மா கேட்க, கொல்லைக் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். மகள் வயிற்றுப் பேரனுக்கும் அதே அழுகை, அதே கக்கல் என்று ஆரம்பித்து, கடைசியில் குரலை இறக்கி, "எந்தக் கோடாங்கிடி? ரோணிக்கத்துக்கு மட்டும் தெரிய வேணாம், சாமிகிட்ட சொல்லிருவா" என்றார். அம்மா வழி சொன்னாள்.

அந்த வாரம் முடிவதற்குள் ரோணிக்கம் அக்காவும் அதே கொல்லைப்பக்கமாக வந்தார். கல்யாணமாகி இத்தனை வருடமாகியும் தமக்கு ஒன்று தங்கவில்லை என்று அழுதார். அம்மா அவருக்கும் வழி சொன்னாள். போகும்போது அவர் கேட்டுக்கொண்டதும் ஒன்றே ஒன்றுதான், சவரியம்மா காதுக்கு மட்டும் இது போய்விடக் கூடாது.

எனக்குப் புதுநன்மை கிடைத்தது. அன்றைக்குக் கோவிலில் சவரியம்மாவும் ரோணிக்கம் அக்காவும் அம்மாவுக்கு இந்தப் பக்கம் ஒருவரும் அந்தப் பக்கம் ஒருவருமாக உட்கார்ந்து, பூசை முழுக்க ஒருவரையொருவர் கடைக்கண்ணால் பார்த்துக்கொண்டே இருந்தார்கள். முந்தின வருடம் அந்தப் பையனின் வீட்டைப் பற்றிச் சொன்னது யார் என்பது மட்டும் எனக்கு இன்றுவரை தெரியாது. இவர்கள் இல்லை என்று அடித்துச் சொல்லவும் எனக்கு மனம் வரவில்லை.

இப்போது வியாழக்கிழமைகளில் யாரும் யார் வீட்டுக்கும் வருவதில்லை. பங்குச் செய்தியெல்லாம் வாட்ஸப் குழுவில் வந்துவிடுகிறது. குழுவை நடத்துவது ரோணிக்கம் அக்காவின் ஒரே மகன். சென்ற மாதம் கோயம்புத்தூரிலிருந்து தம்பி போன் செய்தான், அங்கே ஒரு பங்கில் பேரவைச் செயலாளராக இருக்கிறான். பிறந்த பேத்தி ராத்திரியெல்லாம் அழுகிறாளாம், எந்த டாக்டர் மருந்தும் கேட்கவில்லையாம். "அக்கா, அம்மா என்னைய எங்க தூக்கிட்டுப் போச்சு? குரூப்ல கிரூப்ல கேட்டுறாத" என்றான்.

அம்மா இல்லை, சவரியம்மா இல்லை, கோடாங்கியும் செத்து வெகுகாலமாகிறது. அவர் வாரிசு எங்கே இருக்கிறார் என்று தெரிந்திருக்கக் கூடியவர் ஒரே ஒருவர்தான். ஊருக்குப் போய், கொல்லைப்பக்கமாகவே அவர் வீட்டுக்குள் நுழைந்தேன். கட்டிலில் கிடந்த ரோணிக்கம் அக்கா, நான் கேட்டதைக் காதில் வாங்கிக்கொண்டு, என் முகத்தைப் பார்க்காமல் எனக்குப் பின்னால் இருந்த கதவைப் பார்த்தார்.

"கூட யாரும் வரலைல?" என்றார்.