பச்சை எழுத்துக்கு வந்த குரல்

ஒரு காலத்தில் எங்கள் வீட்டுக் கதவை நாங்கள் முழுதாகச் சாத்துவதில்லை. அக்காவின் கணவருக்கு, நான் மாமா என்று கூப்பிட்டவருக்கு, மூடின கதவு என்றாலே ஆகாது. சின்ன வயதில் அவரை நெல் கொட்டும் அறையில் தெரியாமல் வைத்துப் பூட்டிவிட்டார்களாம். அதிலிருந்து மூடின கதவைப் பார்த்தாலே நெஞ்சு அடைக்கும் என்பார். கடைக்குக் கிளம்பும்போது தினமும் வாசலில் திரும்பி நின்று, "ஒரு விரக்கடை விட்டு... சாத்து" என்று இழுத்துச் சொல்வார். விரக்கடை என்றால் ஒரு விரல் அகலம். அந்த இடைவெளியோடு கதவு நிற்பதைப் பார்த்த பிறகுதான் சைக்கிளை எடுப்பார்.

வீடு அடி அண்ணாமலையில், மலையின் பின்பக்கம் இருந்தது. மாமா வீட்டோடு மாப்பிள்ளையாக வந்தவர். டவுனில் ஒரு ஜவுளிக்கடையில் வேலை பார்த்தாலும் மனசெல்லாம் நாடகத்தில்தான். திருவிழா நாடகங்களில் வேஷம் கேட்டு அலைவார். முகம் எடுப்பாக இல்லை என்று ஒருத்தரும் தரமாட்டார்கள். திரைக்குப் பின்னால் நின்று அசரீரி சொல்லும் வேலை மட்டும் கிடைக்கும். ஆனால் அவர் வாயைத் திறந்தால், கடலை கொறித்துக்கொண்டிருந்த கூட்டம் கடலையை மறந்துவிடும். ஆள் இல்லாத குரல் எங்கிருந்தோ வந்து நம் முதுகுக்குப் பின்னால் நிற்கும்.

எழுபதுகளின் கடைசியில் ஒரு வாரப் பத்திரிகையில் விஞ்ஞானத் தொடர்கதை ஒன்று வந்தது. பத்திரிகை வந்ததும் யார் முதலில் படிப்பது என்று வீட்டில் அடிதடி நடக்கும். அதனால் அப்பா ஒரு சட்டம் போட்டார்: ஒருத்தர் உரக்கப் படிக்க வேண்டும், மற்றவர்கள் வாயை மூடிக்கொண்டு கேட்க வேண்டும். படிக்கும் வேலை மாமாவுக்குப் போனது. வாரா வாரம் அந்தப் பக்கங்களைக் கிழித்துச் சேர்த்து, முடிந்ததும் பைண்டு பண்ணி வைத்தவரும் அவர்தான்.

கதை எளிமையானது. ஒருவன் வேறொரு நட்சத்திரத்துக்குப் போகிறான். மனைவி தனியாக இருப்பாளே என்று, தன்னைப் போலவே யோசிக்கும் இயந்திரம் ஒன்றை வீட்டில் வைத்துவிட்டுப் போகிறான். அவள் கேட்பதற்கெல்லாம் அது ஒரு கண்ணாடிப் பலகையில் பச்சை எழுத்தில் பதில் சொல்லும். வருஷங்கள் போகின்றன. அவனும் வரவில்லை, சேதியும் வரவில்லை. கடைசியில் ஒரு நாள் அவள் எழுந்து போய் இயந்திரத்தை நிறுத்திவிடுகிறாள், எழுத்து மறைகிறது. அவ்வளவுதான்.

கதையில் இயந்திரத்துக்குக் குரல் கிடையாது. ஆனால் மாமா அதற்கு அசரீரிக் குரலைக் கொடுத்துவிட்டார். கடைசி வார்த்தைக்கு முன்னால் ஒரு நிறுத்தம், பிறகு ஒரு இழுப்பு. அக்கா முறத்தில் அரிசியை வைத்துக்கொண்டு கல் பொறுக்க மறந்து கேட்பாள். கல்யாணமான புதிது. அவளுக்காகத்தான் அவர் அப்படிப் படிக்கிறார் என்று எனக்கு அந்த வயதிலேயே தெரிந்தது.

அதற்கடுத்த கார்த்திகையில் தீபம் பார்க்க டவுனுக்குப் போனவர் திரும்பவில்லை. போகும்போதும் வாசலில் நின்று அதையேதான் சொன்னார். கூட்டத்தில் நசுங்கினாரா, மலையேறி எங்காவது விழுந்தாரா, தெரியவில்லை. ஆஸ்பத்திரி, போலீஸ், குறி சொல்பவர் என்று அப்பா ஒரு இடம் பாக்கி வைக்கவில்லை. 'கெட்டும் பட்டணம் சேர்' என்று மெட்ராஸுக்கே ஓடியிருப்பான் என்றது ஊர். ஊர் வாயை மூட உலைமூடி ஏது.

அக்கா கதவை அப்படியே வைத்தாள், மழையானாலும் பனியானாலும். பௌர்ணமியில் மலை சுற்றுகிறவர்கள் எங்கள் தெரு வழியாகப் போகும்போது அந்த இடுக்கில் நிழல்கள் வரிசையாகக் கடக்கும். ஒவ்வொரு நிழலுக்கும் அவள் ஒரு நொடி மூச்சை நிறுத்துவாள். எனக்கு அந்த இடுக்கைக் கண்டாலே எரிச்சலாக இருந்தது, பயமாகவும் இருந்தது. அதற்குள் நான் படித்து முடித்து கீழ்பென்னாத்தூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் டீச்சராகியிருந்தேன். பகலெல்லாம் பிள்ளைகளுக்குப் பேய் பிசாசு கிடையாது என்று பாடம் நடத்திவிட்டு, சாயங்காலம் வீட்டுக்கு வந்தால் அந்த இடுக்குக்கு நேராக உட்காரமாட்டேன்.

வருஷங்கள் ஓடின. மாமாவின் அண்ணன் வந்து பேச்சை எடுத்தார். "இருக்கானா இல்லையான்னே தெரியாம எத்தினி நாளைக்கு? என் வீட்டுல கல்யாணம் காட்சின்னு எதையும் எடுக்க முடியல. தர்ப்பையில உருவம் பண்ணி காரியத்த முடிச்சிடலாம்." காணாமல் போனவர்களுக்கு அப்படிச் செய்வது வழக்கம்தான். செய்தால் அன்றே அக்காவின் பொட்டும் தாலியும் போகும். அப்பா தலையை ஆட்டிவிட்டார், ஆடி அமாவாசை என்று குறித்தார்கள். அக்கா சரியென்றும் சொல்லவில்லை, வேண்டாம் என்றும் சொல்லவில்லை.

அந்த நேரத்தில்தான் அதே கதை டி.வி.யில் தொடராக வந்தது. எங்கள் தெருவில் எதிர்வீட்டு அத்தை வீட்டில் மட்டும் பெட்டி இருந்தது. மெட்ராஸிலிருந்து வரும் அலைக்கு மலை குறுக்கே நின்றது. எவ்வளவு உயரமாகக் கம்பம் நட்டும் எங்கள் பக்கம் படம் வராது. உலை கொதிப்பது போலத் திரை முழுக்க வெள்ளைப் புள்ளிகள் கொதிக்கும், சத்தம் மட்டும் தெளிவாக வரும். அந்தத் தொடரை நாங்கள் பார்த்தோம் என்று சொல்ல முடியாது.

முதல் வாரம், புள்ளிகளுக்குள்ளிருந்து இயந்திரம் பேசியது. பச்சை எழுத்தை அரைமணி நேரம் காட்டிக்கொண்டிருக்க முடியாதென்று படமெடுத்தவர்கள் அதற்குக் குரல் கொடுத்திருந்தார்கள். கனத்த, கிணற்றுக்கடியிலிருந்து வருகிற குரல். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

"அவரு," என்றாள்.

"சும்மா இரு அக்கா. மிஷினு பேசுது."

"அவருதான்டி."

குரல் மாமாவுடையது இல்லை. அது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது. ஆனால் அந்த நிறுத்தமும் அந்த இழுப்பும் அவருடையவைதான். காக்கா உட்காரப் பனம்பழம் விழுந்தது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கை மயிர் சிலிர்த்து நின்றதற்கு என்ன சொல்ல.

அடுத்தடுத்த வாரங்களில் அக்கா தலைசீவிப் பூ வைத்துக்கொண்டு டி.வி. முன்னால் போய் உட்கார்ந்தாள். இயந்திரம் பேசினால் தலையை அசைத்துக் கேட்பாள். தெருப் பெண்கள் நகர்ந்து உட்கார ஆரம்பித்தார்கள். மாமாவின் அண்ணன் மந்திரிக்க ஆள் கூட்டிவரட்டுமா என்று கேட்டார். ஆனால் அக்காவுக்கு வேறு பயம். கதையின் முடிவு அவளுக்குத் தெரியும்.

"கடைசில நிறுத்திடுவாளேடி," என்றாள் ஒரு நாள், சாதம் பிசைந்துகொண்டே.

கடைசி வாரம் அமாவாசைக்கு முன்னால் வந்தது. கதாநாயகி நடந்து போகிற செருப்புச் சத்தம் புள்ளிகளுக்குள் கேட்டது. கதைப்படி எழுத்து மறைய வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்தக் குரல் பேசியது.

"ஒரு விரக்கடை விட்டு... சாத்து."

பிறகு ஒரு சொடுக்கு. அத்தை எழுந்து பெட்டியை அணைத்துவிட்டாள். அப்பா வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார், எங்களுக்குத் தெரியாது. மறுநாள் காலையில் மாமாவின் அண்ணனிடம் போய், காரியத்தை வேண்டாமென்று சொல்லிவிட்டு வந்தார். அக்கா அன்று பாட்டு முணுமுணுத்துக்கொண்டே வேலை செய்தாள். எனக்கு அதைக் கேட்கவும் சந்தோஷமாக இருந்தது, அவளைப் பார்க்கவும் பயமாக இருந்தது.

ஆவணியில் அத்தையின் மருமகன் மெட்ராஸிலிருந்து வந்தான். ஒலிப்பதிவுக் கூடம் ஒன்றில் வேலை. அந்தத் தொடருக்குச் சத்தம் பிடித்ததே தங்கள் கூடத்தில்தான் என்று சாயங்காலம் அத்தை வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எங்களிடம் பெருமையடித்தான். மாமாவைப் பற்றி அவனுக்கு ஒன்றும் தெரியாது.

"அந்த மிஷின் குரல் யாருது?" என்று அப்பா கேட்டார்.

"அது பொம்பள குரலுங்க. டேப்ப மெதுவா ஓட்டி கனமாக்கினோம். நாடகத்துல பேசுற அம்மா ஒருத்தங்க."

அப்பாவின் முகம் விழுந்துவிட்டது. எனக்கோ, உண்மையைச் சொன்னால், நிம்மதியாக இருந்தது.

"ஆனா அந்த இழுவை அவங்களுது இல்லீங்க," என்று அவனே தொடர்ந்தான். "அவங்க வீட்டுக்காரரு சொல்லிக் குடுத்தது. அந்தக் கதைய முன்னயே படிச்சிருக்காராம், வீட்டுல உரக்கப் படிச்சுக் காட்டி பழக்கினாராம். கடைசி வரி எழுதிக் குடுத்த வசனத்துலயே கெடையாது. அவரு தினம் வெளிய கெளம்புறப்ப சொல்றதாம். அந்தம்மா தானா சொல்லிட்டாங்க, டைரக்டருக்குப் புடிச்சுப் போச்சு."

டி.வி.யில் புள்ளிகள் கொதித்துக்கொண்டிருந்தன. அக்கா கேட்டாள், மிகச் சாதாரணமாக.

"அவரு ரெக்கார்டிங்குக்கு வருவாருங்களா?"

"வருவாருங்க. ஆனா உள்ள நிக்க மாட்டாரு. எங்க ரூம்ல கதவ இறுக்கிச் சாத்தினாதான வேல நடக்கும்? சாத்தப் போனாலே வெளிய ஓடிடுவாரு."

"ஒடம்பு நல்லா இருக்காருங்களா?"

"ஜம்முனு இருக்காருங்க."

அக்கா எழுந்து தெருவைக் கடந்தாள். நாங்கள் பின்னாலேயே போனோம். வாசலில் திரும்பி அப்பாவைப் பார்த்தாள்.

"நைனா, பொரட்டாசி அமாவாசைக்கு அவங்க அண்ணனுக்குச் சொல்லி அனுப்பு. காரியத்த செஞ்சிடலாம்."

"ஆளு உசுரோட இருக்கான்னு இப்பதானேம்மா தெரிஞ்சுது," என்றார் அப்பா.

"அதனாலதான் நைனா."

உள்ளே போனதும் கதவைத் தள்ளினாள். எத்தனையோ மழை குடித்து ஊதிப் போயிருந்த மரம். அந்த ஒரு விரலை விட்டுத் தர மறுத்தது. நானும் வந்து தோள் கொடுத்தேன். இரண்டு பேரும் சேர்ந்து முட்டியபோது முனகிக்கொண்டே போய்ப் பொருந்தியது. அக்கா தாழ்ப்பாளைப் போட்டாள்.

"வர்றவங்க தட்டட்டும்," என்றாள்.